மலை ஏற வேண்டியது யார்?

தேர்தல் வந்தால் அரசு மலை ஏறுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலிலிருந்து மாற்றுத்திறனாளிகள் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தபடியே ஓட்டுப் போடலாம். 2024 மக்களவைத் தேர்தலிலும் இது நடந்தது. அலுவலர்கள் பெட்டியோடு வருவார்கள், கூடவே போலீஸ் வரும், வீடியோ எடுக்கிறவர் வருவார். எழுந்திருக்க முடியாத பெண்ணின் பாயருகே மறைப்பு வைத்து அவளது வாக்கின் ரகசியத்தைக் காப்பார்கள். நல்ல ஏற்பாடு. அதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் கேள்வி மறுநாளைப் பற்றியது. அதே பெண்ணுக்கு ஊனச் சான்றிதழ் வேண்டுமென்றால், அடையாள அட்டை வேண்டுமென்றால், உதவித்தொகை ஏன் நின்றுபோனது என்று கேட்க வேண்டுமென்றால், அவள்தான் மலை இறங்க வேண்டும். ஓட்டு வாங்க வாசல்வரை வரத் தெரிந்த அரசுக்குச் சான்றிதழ் கொடுக்க மட்டும் வழி தெரியாமல் போகிறது.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு பாதையும் உண்டு. மேலே 14 ஊராட்சிகள். வாழவந்திநாடு, அரியூர்நாடு, வளப்பூர்நாடு, தின்னனூர்நாடு, சேலூர்நாடு என்று ஊர்ப்பெயர்களே நாடுகளாக இருக்கும். பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் பேச்சு தமிழ். மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி, மரவள்ளி, இன்னும் கைவிடாத கொஞ்சம் சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்கள் வாழ்க்கை. வெளியூர்க்காரர்களுக்கு 70 வளைவும் ஒரு சாகசம். பைக்கில் வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏறியதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் பேருந்தின் முதல் படியே முழங்காலுக்கு மேலே இருக்கும்போது, கால் வழங்காத ஒருத்திக்கு அந்த வளைவுகளின் எண்ணிக்கை வேறொரு கணக்கு.

செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. எப்போதாவது சிறப்பு முகாம் என்று ஒன்றும் வரும். ஆனால் செம்மேடு என்பது மலையில் ஓர் ஊர். மலை முழுவதும் செம்மேடு அல்ல. சிற்றூர்களிலிருந்து தார்ச்சாலைக்கு வருவதற்கே காட்டுவழி நடக்க வேண்டிய குடும்பங்கள் உண்டு. எலும்பு, கண், காது, மனநலம் என்று தனித்தனி நிபுணர்களும் கூடுகிற குழு மாவட்டத் தலைநகரில்தான் உட்காரும். அது மலைக்குக் கீழே, 50 கிலோமீட்டருக்கு மேல்.

இந்தத் தூரத்தைக் கடக்க ஊனமுற்ற பெண்ணுக்கு இன்னொரு உடம்பு வேண்டும். அந்த உடம்பு பெரும்பாலும் இன்னொரு பெண்ணுடையது: அம்மா, அக்கா, மகள், அண்ணி. நம் ஊனமுற்றோர் நலத் திட்டங்கள் எல்லாம் எந்த அரசாணையிலும் எழுதப்படாத ஒரு விதியின் மேல் நிற்கின்றன. கூட வர ஒரு பெண் இருப்பாள். அவளுக்குக் கூலி தேவையில்லை என்பதே அந்த விதி. சமூக நலத்துறை என்று நாம் சொல்வது, அந்தப் பெண் இல்லாவிட்டால் ஒரு நாள்கூட ஓடாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதைத்தான். மற்றவை எல்லாம் இதற்கான சாட்சிகள்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கலைஞர் தந்தார். அரசு ஏடுகளிலிருந்து 'ஊனமுற்றோர்' நீங்கியது. இழிவைத் துடைக்க ஒரு சொல் உதவுமென்றால் அதை வரவேற்க வேண்டும். ஆனால் ஒரு பெண்ணின் காலை ஊனமாக்கியது போலியோ. அவளை ஊனமாக்கியது பேருந்துப் படியும் அலுவலக மாடியும். இந்த இரண்டாவது ஊனத்தைச் சொல்ல எனக்குப் பழைய சொல் தேவைப்படுகிறது. இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

என்னிடம் தமிழ் படிக்கும் பெண்களில் சிலர் மலையிலிருந்து வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தி ஒரு பருவத்தில் அடிக்கடி விடுப்பு எடுத்தாள். காரணம் கேட்டேன். "சின்னம்மாவுக்கு அட்டை வாங்கணும் மேடம். தூக்கிட்டு வர ஆள் பத்தல, அதான்" என்றாள். சின்னம்மா என்பவர் அவள் அம்மாவின் தங்கை. நாற்பது வயதைத் தாண்டியவர். குழந்தையில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவர். பழைய காகிதச் சான்றிதழ் ஒன்று வைத்திருந்தார். புதிய அடையாள அட்டைக்கு அது போதாது, ஆளை நேரில் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் முறை போனபோது எலும்பு மருத்துவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் முறை ஆதாரில் பிறந்த ஆண்டு ஒன்று, பழைய சான்றிதழில் வேறொன்று. மூன்றாம் முறை இணையம் வேலை செய்யவில்லை. நான்காம் முறை வேலை முடிந்தது. வீட்டிலிருந்து சாலைவரை மாணவியும் அவள் அம்மாவும் மாறி மாறி முதுகில் சுமந்திருக்கிறார்கள். மூன்று பெண்கள், நான்கு நாள்: ஒரு அட்டைக்குப் பெண்களின் 12 நாள். அம்மாவுக்கு நான்கு நாள் கூலி போனது. மாணவிக்கு வருகைப் பதிவில் நான்கு நாள் போனது. சின்னம்மாவுக்குப் போனதை எந்தப் பதிவேடும் எழுதாது. வெளியே கிளம்பும் முந்தைய இரவிலிருந்தே அவர் தண்ணீர் குடிப்பதில்லை. போகிற இடத்தில் நுழைவாயிலில் சாய்தளம் இருந்தது. கழிப்பறைக்கு முன்னால் இரண்டு படி இருந்தது. ஆண் என்றால் எங்காவது ஒதுங்கிச் சமாளித்துவிடுவான் என்று கட்டடம் கட்டியவர் நினைத்திருக்கலாம். பெண்ணைப் பற்றி அவர் நினைத்ததாகவே தெரியவில்லை.

சாய்தளம் இருந்தால் அந்தக் கட்டடம் 'தடையற்ற சூழல்' பட்டியலில் சேர்ந்துவிடும். பட்டியலைச் சரிபார்க்க வருகிறவர் நடந்து வருவார்; அவருக்குத் தாகமும் எடுக்காது.

இனி சதவீதக் கணக்குக்கு வருவோம். 1995 சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்றது. 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. சலுகை பெற 40 சதவீதம் இருக்க வேண்டும். மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் வேண்டும். காலின் நீளம், மூட்டின் வளைவு, தசையின் பலம் இவற்றை அளந்து கூட்டிச் சதவீதம் போடுகிறார்கள். ஆனால் இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை வேறொன்று சொல்கிறது. உடலின் குறைபாடும் சமூகம் வைத்திருக்கும் தடைகளும் சந்திக்கிற இடத்தில்தான் ஊனம் பிறக்கிறது என்கிறது அது. நம் சட்டத்தின் வரையறையும் இதையே சொல்கிறது. அப்படியானால் 45 சதவீதம் என்று எழுதப்பட்ட ஒருத்தி நாமக்கல் நகரத்தில் இருப்பதும் தேவனூர்நாட்டின் கடைசிச் சிற்றூரில் இருப்பதும் ஒன்றாகுமா? 70 வளைவு எத்தனை சதவீதம்? ஊற்றுக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள சரிவு எத்தனை சதவீதம்? காலை அளக்கிறவர்களிடம் மலையை அளக்கிற நாடா இல்லை.

எண்ணிக்கையிலும் பெண் குறைகிறாள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடி, அதில் ஆண்கள் ஏறக்குறைய 1.5 கோடி, பெண்கள் 1.18 கோடி. தமிழ்நாட்டின் 11.79 லட்சம் பேரிலும் ஆண்களே அதிகம். சாலையும் எந்திரமும் ஆண்களை அதிகம் முடமாக்குகின்றன என்பது உண்மைதான். ஆனால் கணக்கெடுப்பவர் வாசலில் நின்று கேட்கும்போது பதில் சொல்கிறவர் யார்? கல்யாணத்துக்குத் தங்கைகள் இருக்கிற வீட்டில், காது கேட்காத அக்காவைப் பற்றி எத்தனை பேர் வாய் திறப்பார்கள்? உரலில் சாமை இடித்தும் விறகு சுமந்தும் இடுப்பெலும்பு தேய்ந்துபோன ஐம்பது வயதுப் பெண்ணை ஊனம் என்று யாரும் எழுதுவதில்லை. அதற்கு 'வயசாச்சு' என்று பெயர். கொல்லிமலையில் சிறுதானியம் காக்க வேலை செய்த எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊருக்குள் தானியம் அரைக்கும் எந்திரங்களைக் கொண்டுவந்தபோது முதலில் ஓய்ந்தது பெண்களின் தோள்தான். ஓய்வு கிடைத்த பிறகுதான் அந்த வேலை எவ்வளவு உடம்பைத் தின்றது என்பது பேச்சுக்கே வந்தது.

பணத்தைப் பார்ப்போம். மத்திய அரசு ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்குத் தருகிற பங்கு மாதம் 300 ரூபாய். 2012இல் 200 ரூபாயிலிருந்து அங்கே ஏறியது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தமிழ்நாடு அரசு தன் பங்கைச் சேர்த்து, 2023 ஜனவரியிலிருந்து 1,500 ரூபாய் ஆக்கியது. மத்திய அரசின் பங்கோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஊனமுற்றவருக்குத் தருகிற தொகை மற்றவருக்கான அதே மாதிரித் திட்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் அதிகமாக இருக்க வேண்டும் என்கிறது. முதியோர், விதவையர் ஓய்வூதியம் 2023இல் 1,200 ஆனது. 1,200க்கு 25 சதவீதம் கூட்டினால் சரியாக 1,500. சட்டத்தின் தரையைத் தொட்டு அரசு நின்றுகொண்டது. மலையிலிருந்து இறங்கி ஏறும் செலவு அந்தக் கணக்கில் இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். வீட்டுக்குள் பெண் செய்கிற கூலியில்லா உழைப்புக்கு அரசு தருகிற மரியாதை என்று சொன்னார்கள். 'உதவி' என்ற சொல்லை விட்டு 'உரிமை' என்ற சொல்லை எடுத்தார்கள். பெண்ணியவாதிகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை ஓர் அரசு தன் வாயால் சொன்னது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் விதிகளைப் படியுங்கள். சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் வாங்குகிற பெண்ணுக்கு உரிமைத்தொகை கிடையாது. அதாவது ஊனமுற்ற பெண் அடுப்பு மூட்டலாம், பிள்ளை வளர்க்கலாம், மாமியாருக்குக் கஞ்சி வைக்கலாம். அது உழைப்பில் சேராது. அவளுக்கு ஏற்கெனவே 'உதவி' கிடைக்கிறது, எனவே 'உரிமை' வேண்டியதில்லை. ஒரே உடம்பு இரண்டு கணக்கில் வரக்கூடாதாம். ஆனால் அவள் வாழ்க்கையில் இரண்டும் இருக்கின்றன. ஊனத்தால் வருகிற கூடுதல் செலவு ஒன்று. பெண் என்பதால் தலையில் விழுகிற கூலியில்லா வேலை இன்னொன்று. முதலாவதுக்குத் தருகிற தொகையைக் காட்டி இரண்டாவதை இல்லையென்று ஆக்குவது எந்த நியாயம்?

மாணவியின் சின்னம்மாவை ஒருமுறை அவர்கள் வீட்டில் பார்த்தேன். முற்றத்தில் பாய் விரித்து, காயப்போட்ட மிளகைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப்போனேன். அவர் தலை நிமிராமல் சொன்னார்: "என்னைத் தூக்கிட்டுப் போறாங்கன்னு ஊரே பேசுது டீச்சரம்மா. இந்த வீட்டுல மூணு பிள்ளைய மடியில போட்டு வளர்த்தவ நானு. இவ அம்மா காட்டுக்குப் போயிடும். இவளுக்குச் சோறு ஊட்டினது யாரு, அதைக் கேளுங்க." மாணவி சிரித்தாள். "சின்னம்மாதான் மேடம், பள்ளிக்கூடப் பாடமும் அதுதான் சொல்லிக்கொடுத்துச்சு" என்றாள்.

பராமரிப்பு பற்றிப் பேசுகிற நாம் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். பராமரிக்கிற பெண்ணின் சுமையைச் சொல்லும் அவசரத்தில், பராமரிக்கப்படுகிறவளைச் சுமை ஆக்கிவிடக் கூடாது. அவளை முதுகில் சுமக்கிறவளுக்கு நாம் இரக்கப்படுகிறோம். அவள் யாரையெல்லாம் சுமந்தாள் என்று கேட்க மறந்துவிடுகிறோம். சுமப்பவள், சுமக்கப்படுபவள் என்று அந்த வீட்டில் இரண்டு கட்சி இல்லை. இரண்டு பேரும் ஊதியமில்லாத தொழிலாளிகள். அவர்களை ஒருவர்மேல் ஒருவர் ஏற்றி வைத்துவிட்டு, அன்பு, பாசம், தியாகம் என்று பெயர் சூட்டிக் கைகழுவிக்கொள்கிறது அரசு.

'ஊதியம்' என்ற சொல்லைத் தமிழ் படித்தவள் என்ற முறையில் கொஞ்சம் தோண்டிப் பார்க்கிறேன். புறநானூற்றின் 28ஆம் பாட்டு எட்டு வகை உடற்குறைகளை வரிசைப்படுத்துகிறது. பார்வையில்லாதவர், கூனர், குள்ளர், பேச முடியாதவர், காது கேளாதவர் என்று போகும் அந்தப் பட்டியலை முடித்து, இப்படிப் பிறந்த பிறப்புகளால் ஊதியம் ஏதும் இல்லை என்கிறது. அன்று ஊதியம் என்றால் பயன். இன்று ஊதியம் என்றால் கூலி. பட்டியல் எட்டிலிருந்து ஏழாகி 21 ஆனது. பயன் இல்லாத உடம்பு என்ற தீர்ப்பு மட்டும் மாறாமல், கூலி இல்லாத உடம்பு என்று வேறு உடுப்பில் நிற்கிறது.

பின்னால் வந்த நொண்டி நாடகங்களையும் சொல்ல வேண்டும். திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் என்று ஒரு வகையே உண்டு. திருடன் ஒருவன் தாசியிடம் பொருளைத் தொலைத்து, குதிரை திருடப்போய்ப் பிடிபட்டுக் கால் வெட்டப்படுவான். பிறகு தெய்வத்தின் அருளால் கால் வளரும். ஊனம் பாவத்தின் சம்பளம். பாவத்தின் காரணம் பெண். குணமானால்தான் கதை முடியும். இந்த மூன்றும் இன்றும் நம் சினிமாவை விட்டுப் போகவில்லை. 'குருட்டு நம்பிக்கை', 'நொண்டிச் சாக்கு', 'செவிட்டு அரசு' என்று மேடையிலும் கவிதையிலும் புழங்குகிற மொழியையும் விட்டுப் போகவில்லை. அரசுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. கேட்டும் செய்யாமல் இருப்பதற்குக் காது கேளாதவர்களை ஏன் இழுக்க வேண்டும்?

இந்த மலைக்கென்றே ஒரு பெண் உண்டு: கொல்லிப்பாவை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் காதலியின் அழகுக்கு உவமையாக வருகிறவள். குறையே இல்லாத வடிவம், தெய்வம் செய்த பாவை. இரண்டாயிரம் ஆண்டாகக் கவிஞர்கள் வியந்துகொண்டிருக்கிறார்கள். நடக்காத, பேசாத ஒரு பாவையைப் பெண்ணழகின் அளவுகோலாக வைத்த மரபு, நடக்க முடியாத, பேச முடியாத பெண்ணைப் பின்கட்டில் உட்கார வைத்தது. அசையாமல் இருப்பது சிலைக்கு அழகு, மனுஷிக்குக் குற்றம்.

குற்றம் என்று சொல்லும்போது கல்யாணத்தைச் சொல்லாமல் முடியாது. மாற்றுத்திறனாளியை மணந்துகொள்பவருக்கு அரசு உதவி தருகிறது: 25,000 ரூபாய், பட்டதாரி என்றால் 50,000, தாலிக்கு 8 கிராம் தங்கம். இந்தப் பணத்தால் சில வீடுகள் நிமிர்ந்தன என்பதை அறிவேன். ஆனால் அதன் உள்ளே இருக்கிற எண்ணத்தைப் பாருங்கள். ஊனமுற்ற பெண்ணை ஒருவன் கட்டிக்கொள்வது ஒரு தியாகம். தியாகத்துக்குப் பரிசு வேண்டும். வரதட்சணையைத் தடை செய்த அரசு இங்கே தானே மாப்பிள்ளை வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறது. கல்யாணம் வேண்டாம், எனக்கென்று ஒரு அறையும் ஒரு தொழிலும் போதும் என்று சொல்கிற பெண்ணுக்கு அந்த 8 கிராம் ஏன் கிடைப்பதில்லை? சட்டத்தின் 37ஆம் பிரிவு, நில ஒதுக்கீட்டிலும் வீட்டுத் திட்டங்களிலும் 5 சதவீதம் ஊனமுற்றோருக்கு, அதில் பெண்களுக்கு முன்னுரிமை என்கிறது. தாலிக்குத் தங்கம் தருகிற வேகம் பெண்ணின் பெயரில் பட்டா தருவதிலும் வர வேண்டாமா?

உடம்பின் மேல் உரிமை என்று வரும்போது 'நலம்' என்ற சொல்லின் இன்னொரு முகம் தெரியும். 1994இல் மகாராஷ்டிரத்தின் சிரூரில் அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களின் கருப்பையைப் புனே மருத்துவமனையில் அகற்றினார்கள். மாதவிடாய்க் காலத்தில் பராமரிக்கச் சிரமம் என்பது சொன்ன காரணம். பெண்கள் இயக்கங்கள் எதிர்த்து நின்றதால்தான் நாடே அதை அறிந்தது. 2009இல் சண்டிகர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள பெண்ணானாலும் அவள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவு, சம்மதமின்றிக் கருவைக் கலைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கடுமையான ஊனம் என்றால் மருத்துவரும் காப்பாளரும் முடிவெடுக்கலாம் என்று ஒரு வாசலையும் திறந்தே வைத்தது. சிரூரில் சொன்ன காரணத்தை மறுபடி வாசியுங்கள். பராமரிக்கச் சிரமம். பராமரிப்புக்கு ஆளும் கூலியும் வைக்காத ஓர் அமைப்பு, சிரமத்தைக் குறைக்கக் கடைசியில் பெண்ணின் உடம்பையே வெட்டிக் குறைக்கிறது.

மலையும் ஒரு தீவுதான். கடல் சூழ்ந்த தீவிலும் கணக்கு இப்படித்தான் போகிறது. இலங்கையில் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. ஐ.நா. உடன்படிக்கையை அந்நாடு 2016இல் உறுதிசெய்தது. ஆனால் போரில் ஊனமுற்ற படைவீரருக்கென்று 1999 சட்டத்தின்படி ரணவிரு சேவை அதிகார சபை என்ற தனி நிறுவனமே இருக்கிறது. 2009இல் வன்னியில் எறிகணையில் கால் இழந்த பெண்ணோ நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் தன் பெயர் வருமா என்று பார்த்து நிற்கிறாள். இருவரும் ஒரே போரில்தான் உறுப்பை இழந்தார்கள். ஒருவர் இழந்தது நாட்டுக்கான சேவை. மற்றவள் இழந்தது அவளுடைய தலையெழுத்து. யாருடைய உடம்பு தேய்ந்ததை உழைப்பு என்று எழுதுவது, யாருடையதை விதி என்று எழுதுவது என்பதில் அரசுகள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. முடியும் என்பதற்கு அரசே சாட்சி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோகிறது; இயன்முறை மருத்துவத்தையும் கொண்டுபோகிறது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. விழுது கீழ்நோக்கித்தான் இறங்கும். அதை மேலே, கடைசிச் சிற்றூர் வரைக்கும் ஏற்றுவது எப்படி என்பதுதான் கேள்வி. ஓட்டுப் பெட்டி போன பாதை இருக்கிறது. அதே பாதையில் மருத்துவக் குழுவும் போகட்டும்.

எனவே கேட்கிறேன். சான்றிதழ் வழங்கும் குழு ஒவ்வொரு 'நாட்டுக்கும்' குறித்த நாளில், முன்கூட்டிச் சொன்ன தேதியில் வர வேண்டும். குழுவில் பெண் மருத்துவர் இருக்க வேண்டும். போலியோவில் போன கால் திரும்பி வராது. மாறாத ஊனத்துக்கு ஒருமுறை தந்த சான்றிதழ் சாகும்வரை செல்ல வேண்டும். புது அட்டை வேண்டுமென்றால் அரசு வந்து படம் எடுத்துக்கொள்ளட்டும். ஓய்வூதியம் வாங்குகிற பெண்ணுக்கும் உரிமைத்தொகை வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்கக் கூடாது. மலைக்கும் சமவெளிக்கும் ஒரே தொகை என்பது சமத்துவம் அல்ல. போக்குவரத்துக்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதிக ஆதரவு தேவைப்படுகிறவரின் பராமரிப்பாளர் படியைப் பற்றிச் சட்டத்தின் 24ஆம் பிரிவே பேசுகிறது. கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் பராமரிக்கிறவருக்கு மாதம் 600 ரூபாய் என்று ஒரு தொகையை வைத்தது. அது போதாது என்பது வேறு. பராமரிப்பு ஒரு வேலை என்று ஓர் அரசுப் பதிவேட்டில் ஏறியது முக்கியம். இங்கே அது பாசத்தின் கணக்கிலிருந்து கூலியின் கணக்குக்கு வர வேண்டும். அதுவும் குறைந்தபட்சக் கூலியின் கணக்குக்கு. யார் தன்னைப் பராமரிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ஊனமுற்ற பெண்ணிடம் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளியை நியமன உறுப்பினராக்க வழி செய்தது. கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். அப்படியானால் 14 நாற்காலிகள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி இவற்றில் ஏழு பெண்களுடையவை. யார் பெயரைப் பரிந்துரைப்பது என்று பேச்சு வரும்போது, கட்சிக்காரர் வீட்டுப் பையன்களின் பெயர்கள் முதலில் வரும். அதற்கு முன்னால் நாம் பட்டியலோடு போய் நிற்க வேண்டும். பின்கட்டில் மிளகு பிரித்துக்கொண்டிருக்கிறவர்கள், மூன்று பிள்ளையை மடியில் வளர்த்தவர்கள், எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்கள் பெயர்கள் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்துக்கு எத்தனை படி, கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், குழாய் எந்த உயரத்தில் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். கூட்டத்துக்கு அவர்களைத் தூக்கிப்போக ஆள் இல்லையென்றால், அவர்கள் வீட்டு முற்றத்தில் கூட்டம் நடக்கட்டும். தலைவரும் செயலரும் நடந்து வரட்டும். அவர்களுக்குக் கால் இருக்கிறது.